கையாட்டும் காட்சி

“அந்தப் புள்ளைக்கு ஒரு நாளாவது காய்ச்சல் வந்துச்சா, சொல்லு?”

அந்தத் தியேட்டரில் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி மனப்பாடம். கேண்டீன்காரர் அதை மூக்கால் பாடிக் காட்டுவார். ஆபரேட்டர் இடுப்பில் கை வைத்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டிச் சொல்வார். டிக்கெட் கிழிக்கிறவர் வாயில்லாப்பூச்சி. அவரே ஒரு நாள் டிக்கெட்டை நீட்டிய ஆளிடம், “காய்ச்சல் வந்துச்சா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கேள்விக்குச் சொந்தக்காரி டார்ச்சக்கா. இருட்டில் வெளிச்சம் அடித்து சீட் காட்டுவது, படம் முடியும்போது பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து விளக்குகளைப் போடுவது, கூட்டம் போனதும் சிந்திக் கிடக்கிற பாப்கார்னைப் பெருக்குவது, இதெல்லாம் அவள் வேலை. அவளுடைய டார்ச்சுக்கும் அவளுக்கும் ஒரே குணம் என்பார்கள். தொடையில் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும்.

எத்தனையோ படம் வந்து போயிருக்கிறது. அக்கா எதையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இந்தப் படம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையில்லாத ஒரு தம்பதி. அவர்கள் மொட்டைமாடியில் ஒரு பட்டம் வந்து விழுகிறது. நூலின் மறுநுனியைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். அவள் தொட்டால் பட்ட மரம் துளிர்க்கிறது, பேசாத மாமியார் பேசுகிறாள், சண்டைக்கார அண்டைவீட்டான் மாம்பழம் கொண்டுவந்து கொடுக்கிறான். கடைசியில் காற்று வீசுகிறது. பட்டம் ஏறுகிறது, பிள்ளையும் போகிறாள். வளர்த்தவள் மாடியில் நின்று, கண்ணில் நீரும் உதட்டில் சிரிப்புமாகக் கையாட்டுகிறாள். அடுத்த காட்சியில் அவளுக்கே வயிறு தள்ளியிருக்கிறது. ஜனம் மூக்கைச் சிந்திக்கொண்டே சந்தோஷமாக வெளியே வரும்.

அக்காவுக்கு இதில் எதுவுமே செரிக்கவில்லை. பெருக்கிக்கொண்டே கேட்பாள். தலையில் பேன் இல்லையே, அது என்ன பிள்ளை? பாயை நனைக்கவில்லை, கடிக்கவில்லை, ‘நீ ஒண்ணும் எங்கம்மா இல்ல’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சட்டைகூட அழுக்காகவில்லை. அப்புறம் அந்த வயிறு. “அப்ப மொதல்ல வந்தது என்ன, ஒத்திகையா?” என்பாள். கேண்டீன்காரர், “இவங்கள விட்டா டைரக்டருக்கே பாடம் எடுப்பாங்க” என்று சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். துடைப்பம் மட்டும் நிற்காது.

அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது.

முன்பு ஒரு சமயம் அவளும் புருஷனும் அநாதைப் பிள்ளைகள் விடுதி ஒன்றிலிருந்து நாலு வயசுப் பெண் ஒன்றைக் கூட்டிவந்தார்கள். தத்து உத்தரவு வரும்வரை வளர்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்த அன்றைக்கே அது அக்காவின் மணிக்கட்டைக் கடித்தது. சாப்பாட்டில் பாதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும். எறும்பு ஊர்ந்த பிறகுதான் தெரியும். அம்மா என்று கூப்பிடாது. ‘இந்தா’ என்றுதான் கூப்பிடும். புருஷன் வெல்டர். கட்டிலிலிருந்து விழுந்துவிடுகிறதே என்று பக்கத்துக்கு ஒரு கம்பி வைத்தார். அது அந்தக் கம்பியையும் கடித்தது. அக்கா சளைக்கவில்லை. நனைந்த பாயைக் காலையில் சுவரில் சாய்க்கும்போது, “இன்னைக்கு என்ன, கடலா ஆறா?” என்று கேட்பாள். பிள்ளை முறைக்கும். பிறகு ஒரு நாள் சிரித்துவிட்டது.

இரண்டாம் வருஷம் கடுங்காய்ச்சல். மடியிலேயே வாந்தி எடுத்தது. வாயைத் துடைத்துவிட்டபோது, கண்ணைத் திறக்காமல், “அம்மா, போயிடாத” என்றது. அந்தச் சேலையை அக்கா பல நாள் துவைக்கவில்லை.

உத்தரவு வருவதற்குள் பிள்ளையைப் பெற்றவளின் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி வந்துவிட்டாள். ரத்த உறவு இருக்கும்போது வெளியாருக்குத் தர முடியாது என்றார்கள். கூட்டிப்போக வந்த அதிகாரியம்மா நல்லவள்தான். காதோரமாகச் சொன்னாள்: “நீங்க அழுதா குழந்தை பயந்துடும்மா. சிரிச்சு அனுப்புங்க.” அக்காவும் அவள் சொன்னபடியே கேட்டாள். புதுச் செருப்பு வாங்கிப் போட்டுவிட்டாள். பெரியம்மா வீட்டுக்கு ரெண்டு நாள் விளையாடப் போகிறாய், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றாள். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்தது. வண்டி திரும்பும்வரை அக்கா வாசலில் நின்று சிரித்தபடி கையாட்டினாள். அவள் வாழ்க்கையில் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்றில்லை. மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

போய்ப் பார்க்க அனுமதி கேட்டாள். குழந்தை அங்கே ஒட்டிக்கொள்ள வேண்டும், நீங்கள் வந்தால் குழம்பும் என்றார்கள். புருஷன் அந்தக் கம்பியைக் கழற்றவேயில்லை. இப்போது அதில் துணி காய்கிறது.

அதனால்தான், பட்டம் ஏறுகிற காட்சி வந்தால் அக்காவின் கை தன்னால் கதவுக்குப் போகும். சீக்கிரமாகவே தாழ்ப்பாளைத் தூக்கிவிடுவாள். வெயில் உள்ளே பாய்ந்து திரையை வெளுப்பாக்கும். ஆடுகிற கை யாருக்கும் தெரியாது. “ஏம்மா, படம் முடியல” என்று சத்தம் போடுவார்கள். அக்கா டார்ச்சைத் தொடையில் தட்டிக்கொண்டு, நேரம் தப்பிவிட்டது என்பாள். புகார் போயிற்று. மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு தடவை கதவு திறந்தால் அக்கா வெளியே, கதவு உள்ளே என்றார். வெல்டருக்குக் கண் மங்கிவிட்டது. வீட்டில் இவள் சம்பளம்தான். அதற்குப் பிறகு அந்தக் காட்சி வரும்போதெல்லாம் அவள் முதுகைத் திரைக்குக் காட்டி, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

ஒரு பகல் காட்சிக்கு யாரோ புண்ணியவான் செலவில் விடுதிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். ஒரே துணியில் தைத்த சட்டைகள். முன்வரிசை நிரம்பியது. ஆளுக்கொரு பாப்கார்ன் பொட்டலம். ஓரத்துச் சீட்டில் ஒருத்தி மட்டும் பிரிக்கவில்லை. சட்டைக்குள் விட்டு அமுக்கி வைத்திருந்தாள். அக்கா பார்த்தாள். அவளுக்குத் தெரியாத பதுக்கலா அது. சாப்பிடேன் கண்ணு என்றாள். அப்புறம், என்றது அது.

திரையில் காற்று எழுந்தது. அக்கா வழக்கம்போல முதுகைத் திருப்பினாள். சேலையை யாரோ இழுத்தார்கள்.

“இந்தா,” என்றாள் அந்தப் பிள்ளை. “அந்தப் பாப்பா என்ன தப்பு பண்ணுச்சு?”

அக்கா குனிந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். அது பதிலுக்காகக் காத்திருந்தது. பொட்டலத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டது.

“ஒண்ணும் பண்ணல கண்ணு,” என்றாள் அக்கா. “அந்தப் பாப்பா ஒண்ணுமே பண்ணல.”

நேரே போய் மூன்று கதவுகளையும் திறந்தாள். விளக்குகள் அத்தனையையும் போட்டாள். திரையில் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. பிள்ளைகள் வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கின.

மேனேஜர் அறையில் கேண்டீன்காரரும் ஆபரேட்டரும் வாசலை மறித்து நின்றார்கள். அவளுக்காகப் பேசத்தான் வந்திருந்தார்கள். மேனேஜர் கத்தவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார், இது கற்பனைப் படம்மா, எல்லாரும் கொஞ்சம் அழுதுட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போறாங்க, அதுல உனக்கு என்ன நஷ்டம் என்று. அக்கா டார்ச்சை மேசையில் வைத்தாள். அது உருண்டு, தானாகவே எரிந்தது. அதை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

“வீடு இருக்கறவங்க போவாங்க சார். நானும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே கையாட்டினேன். ரெண்டு நாள்ல வந்துடறேன்னு சொன்னேன். அங்க போன புள்ள, நான் வருவேன்னு வாசப்படியில உக்காந்து, தூங்கறப்பகூட செருப்பக் கழட்ட விடலையாம். அவ பெரியம்மாவே பின்னால சொல்லி அனுப்புனாங்க. உங்க படத்துல கேமரா அம்மா மூஞ்சியிலயே நின்னுடுது சார். ஒரே ஒரு தடவ அந்தப் புள்ள பின்னாடி போகச் சொல்லுங்க, அது எங்க எறங்குச்சு, யார் கதவத் திறந்தாங்கன்னு காட்டச் சொல்லுங்க. அப்ப நானே வந்து உங்க கதவ இழுத்து மூடறேன்.”