வேலாமணி நடந்த தடம்

ஊட்டி நகருக்குள் குப்பை கொட்டி மூடிப்போயிருந்த ஒரு சதுப்பை ஆறு வருடமாகச் சீர்செய்து, மறுபடி புல் முளைக்க வைத்திருந்தோம். அங்கே கூடு கட்டும் குருவிகளைக் கவனித்து எழுத ஆள் தேவைப்பட்டது. பட்டம் படித்த இரண்டு பேர் பைனாகுலரோடு வந்து ஒரு வாரம் சுற்றினார்கள். ஒரு கூட்டைக்கூடப் பார்க்காமல் சளி பிடித்துத் திரும்பிப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தவர் வேலாமணி அக்கா. வயது ஐம்பத்திரண்டு. ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர். மகளை ஊட்டியில் கட்டிக்கொடுத்த பிறகு அவரும் இங்கே வந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே ஒரு புல் குத்தின் அடியைக் காட்டினார். நெட்டைக்காலியின் கூடு, உள்ளே மூன்று முட்டை. நெட்டைக்காலி என்பது சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளமான, காய்ந்த புல் நிறக் குருவி. தரையில்தான் முட்டையிடும்.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"பச்சையிலதானுங்க சார் இத்தனை வருசம் கண்ண வெச்சிருந்தேன்."

அந்தக் கூட்டை நாங்கள் மலைபோல் நம்பினோம். சதுப்பின் நடுவே நடைபாதை போட நகராட்சியிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. ஜூன் முடிவதற்குள் ஒரு கூட்டிலிருந்தாவது குஞ்சு பறந்ததாகக் காட்டினால் பாதையை ஓரத்துக்கு மாற்றுவார்கள். இல்லாவிட்டால் ஜூலையில் நடுப்புல்லில் ஜல்லி இறங்கும்.

படிவம் நிரப்ப அக்காவுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். எப்படி நடப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு நிரை; போன தடத்திலேயே திரும்பி வர வேண்டும், செடியை மிதிக்கக் கூடாது. அந்த ஒழுக்கத்தோடு அவர் தினமும் ஒரே கோட்டில் போய் வந்தார். பத்தே நாளில் ரோட்டுச் சுவரிலிருந்து கூடு வரைக்கும் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார் என்று நான் மெச்சிக்கொண்டேன். என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

பன்னிரண்டாம் நாள் கூடு காலி. ஈர மண்ணில் அவருடைய செருப்புத் தடத்தின் மேலேயே பூனையின் கால் தடம் இருந்தது.

படிவத்தில் கூடு அழிந்த காரணத்துக்கு மழை, பூனை, நாய் என்று கட்டம் போட்டிருந்தேன். அக்கா எதிலும் டிக் அடிக்கவில்லை. கீழே "என் கால்" என்று எழுதினார்.

"பூனைன்னு போடுங்கக்கா."

"பூனைக்கு வழி தெரியாதுங்க சார். நாந்தான் காட்டிக் குடுத்தேன்."

அன்று மதியம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு மாலை வரை ஆனது. வெட்கமாக இருந்தது.

அதோடு முடியவில்லை. அளக்க வந்த இன்ஜினியர் சிவகுரு அந்தத் தடத்தைப் பார்த்து, "சனங்க ஏற்கனவே நடக்கறாங்களே" என்று வரைபடத்தில் அதன் மேலேயே சிவப்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா சின்ன மண்வெட்டியோடு வந்தார். தோட்டத்தில் செடி செத்த இடத்தில் நாற்று வைப்பதைப் போல, புல் குத்துகளை மண்ணோடு பெயர்த்து வந்து தடத்தின் மேல் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து சுவருக்கு வந்தார். அப்புறம் உள்ளே இறங்கவே இல்லை. தினமும் சுவரில் உட்கார்ந்து பார்த்தார். கோடை மழையில் புல் பிடித்துக்கொண்டது. படிவத்தில் ஐந்து வாரம் "கூடு இல்லை" என்றே வந்தது.

"குருவி பறக்குதில்ல? கூடு இருக்கலாம்னாவது எழுதுங்களேன்" என்று எரிந்து விழுந்தேன்.

"பாக்காதத எப்படிங்க எழுதறது?"

ஜூன் முதல் வாரம், ஒரு நெட்டைக்காலி அலகில் புழுவோடு ஒரே இடத்தில் இறங்குவதைப் பார்த்து எழுதினார். நான் கேமராவை எடுத்துக்கொண்டு சுவரில் ஏறினேன். என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"நீங்க போனா இன்னொரு தடம் விழும். எறங்குங்க சார்."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் இறங்கினேன்.

ஜூன் பதினெட்டாம் தேதி சிவகுரு மேலும் இரண்டு அதிகாரிகளோடு வந்தார். அக்கா மூவரையும் சுவரோரம் நிறுத்தினார். முக்கால் மணி நேரம் மழைக்கோட்டில் நின்றார்கள். ஒருவர் வாட்சைப் பார்க்கத் தொடங்கியபோது, புல்லுக்குள்ளிருந்து குட்டை வாலோடு இரண்டு குஞ்சுகள் தத்திப் பறந்து கம்பி வேலியில் உட்கார்ந்தன. பின்னாலேயே தாய் புழுவோடு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிவகுரு வரைபடத்தை விரித்து, புல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இங்க ஒரு பாதை இருந்துச்சேங்க. எங்க போச்சு?"

"அது நான் நடந்த தடமுங்க" என்றார் அக்கா. "குஞ்சு வந்துச்சே, அதே எடம்தானுங்க."