சாவிக்காரரின் இரண்டு அசல் சாவிகள்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. கைகளை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். அதற்குள் சாவி வெட்டும் இயந்திரம், ஒரு முக்காலி, சுவர் முழுக்க ஆணிகளில் வெட்டாத சாவிகள், நடுவே சாவிக்காரர். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் காரில் போவார். கதவு திறந்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். கடவுள் இந்தக் கைக்கு இந்த வித்தையைக் கொடுத்தது பிறத்தியார் வீட்டை எட்டிப் பார்ப்பதற்கல்ல என்பது அவர் எண்ணம்.

கார் பழையது, வெள்ளை. இடது கதவை உள்ளேயிருந்து ஒரு குத்துக் குத்தினால்தான் திறக்கும். ஆனால் பாதி வருமானம் அதை நம்பித்தான் இருந்தது. காலையில் சாவியைக் காரில் செருகினால், ராத்திரி வீட்டுக்கு வரும்போதுதான் எடுப்பார். நடுவில் எத்தனை இடத்தில் இறங்கினாலும் சாவி அங்கேயே தொங்கும். கேட்டால், "சாவிக்காரன் வண்டியை எவன் திருடுவான்?" என்று சிரிப்பார்.

இன்சூரன்ஸ் போட்டது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவன் ஏஜெண்ட்.

"மாமா, இதுல ரெண்டு வகை. சின்னது, நீங்க போய் யாரையாவது இடிச்சா அவங்களுக்குக் கம்பெனி குடுக்கும். அது இல்லாம ரோட்டுலயே இறங்கக்கூடாது. ஆனா உங்க வண்டி நசுங்கினா உங்க பாடு. பெருசு, உங்க வண்டிக்கும் சேர்த்து. தீ, வெள்ளம், திருட்டு எல்லாம் அதுல வரும்."

"அப்போ சின்னது அடுத்தவன் வீட்டுக்கு நான் போடற பூட்டு. பெருசு என் வீட்டுக்கும் சேர்த்துப் போடற பூட்டு."

"அதேதான். பேசாம நீங்களே ஏஜெண்டா போயிருக்கலாம் மாமா."

"சின்னதே போதும் மாப்ள."

சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் அவர் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "பெருசே போடுடா தம்பி. இந்த மனுஷன் ஊருக்கெல்லாம் பூட்டு போடுவாரு, நம்ம வீட்டுல கொல்லைக்கதவு மூணு மாசமா கயித்துல கட்டிக் கிடக்கு."

பெரியதே போட்டார்கள். பாலிசித் தாளை யாரும் படிக்கவில்லை. கடவுள் படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தார்கள்.

ஒரு பகல் வேளையில் இரண்டாவது மாடியில் ஒரு கதவைத் திறந்துவிட்டுச் சாவிக்காரர் கீழே வந்தார். கார் இல்லை. கார் நின்ற இடத்தில் சொட்டிய எண்ணெய் மட்டும் இருந்தது. டிக்கியில் இருந்த கருவிகளும் போயின. கையில் மிஞ்சியது சின்னத் தோல்பை ஒன்றுதான்.

அன்றே போலீஸில் எழுதிக் கொடுத்தார். மச்சினன் அன்றே கம்பெனிக்குச் சொன்னான். மறுநாள் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியவற்றின் பட்டியலோடு கடைக்கு வந்தான். கடைசி வரியைப் படித்ததும் சாவிக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வண்டியோடு வந்த இரண்டு அசல் சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும்.

"எதுக்கு மாப்ள? வண்டியே இல்ல, சாவியை வச்சு என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டும் உங்க கையில இருந்தா வண்டியைப் பூட்டிட்டுத்தான் போனீங்கன்னு அர்த்தம். ஒண்ணு குறைஞ்சாலும் சாவியை வண்டியிலயே விட்டுட்டீங்களான்னு கேப்பாங்க. கவனக்குறைவுன்னு குறைப்பாங்க, இல்ல முழுசா கையை விரிப்பாங்க. உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

ஒன்று காரோடு போய்விட்டது. இன்னொன்று தோல்பையில்தான் இருந்தது. ஆனால் அதன் பற்களை வருஷக்கணக்காக அரத்தால் ராவி, அதே வகைக் கார்களின் கதவைத் திறக்கும் கருவியாக்கி வைத்திருந்தார். இப்போது அது எந்த வண்டியையும் கிளப்பாது.

மச்சினன் சுவரைப் பார்த்தான். "மாமா, ஊருக்கே சாவி வெட்டறீங்க. உங்களுக்கு ரெண்டு வெட்டிக்க முடியாதா?"

அவன் போனபின் சாவிக்காரரின் கை சும்மா இருக்கவில்லை. மூடிப்போன கடையிலிருந்து வாங்கிய, கார்க் கம்பெனி முத்திரை போட்ட வெட்டாத சாவிகள் இரண்டு இருந்தன. அந்தப் பற்கள் அவர் விரலுக்கு மனப்பாடம். கால் மணி நேரத்தில் வெட்டினார். மணலும் சில்லறையும் போட்ட பையில் குலுக்கினார். வெளியே எடுத்தபோது பத்து வருஷம் பழகிய சாவிகளாக இருந்தன. இத்தனை அழகாக அவர் எந்தச் சாவியையும் வெட்டியதில்லை.

மனைவி அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். திருப்பி அவர் கையிலேயே வைத்தாள்.

கம்பெனியிலிருந்து விசாரணைக்காரர் கடைக்கே வந்தார். ஒல்லியானவர், கையில் கோப்பு. பக்கத்துக் கடையிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டார்கள்.

"சாவி?"

சாவிக்காரர் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றார். கடவுளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது விசாரணைக்காரர் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். தன் கையை நம்பித்தானே ஊரே கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு நிற்கிறது என்று தோன்றியது. தோல்பையைத் திறந்து, ராவித் தேய்த்த சாவியை அந்தக் கையில் வைத்தார்.

"என்னங்க இது, எலி கடிச்ச மாதிரி?"

"இது ஒரு அசல். நான்தான் ராவிட்டேன். இன்னொண்ணு வண்டியிலயே இருந்துச்சு."

"அன்னைக்கு ஏதோ அவசரமா ஓடினீங்களா?"

அப்படிச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். "இல்லீங்க. தினமும் அங்கதான் இருக்கும்."

விசாரணைக்காரர் பேனாவை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க சாவி வெட்டறவரு. ரெண்டு வெட்டிக் குடுப்பீங்கன்னு நினைச்சுத்தான் வந்தேன்."

"வெட்டினேன்," என்று சாவிக்காரர் சட்டைப்பையிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து இயந்திரத்தின்மேல் வைத்தார். விசாரணைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடேயப்பா!" என்றார். சிரித்தாரா கோபித்தாரா என்று சாவிக்காரருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பாலிசியில் அந்த வருஷத்துக்கு எழுதியிருந்த மதிப்பில் கால் பங்கைக் கவனக்குறைவுக்காகக் கழித்திருந்தார்கள். கருவிகளுக்கு ஒன்றுமில்லை. வண்டிக்குள் இருக்கும் சாமான் வண்டிப் பாலிசியில் சேராதாம். அப்போதுதான் மனைவி படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுத்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். எல்லாம் அதிலேயே இருந்தது.

அந்தப் பணத்துக்கு இன்னும் பழைய கார் ஒன்று வந்தது. இதற்கு இரண்டு கதவையும் குத்த வேண்டும்.

மச்சினனுக்கு மனசு ஆறவில்லை. கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் புலம்பினான். "வாயை மூடிட்டு ரெண்டு சாவியைக் குடுத்திருந்தா முழுசா வந்திருக்கும் மாமா. உங்களை மாதிரி ஆளுங்களுக்குப் பாலிசி போட்டா கம்பெனி பொழைச்சுக்கும், ஏஜெண்ட் பொழைக்க மாட்டான்."

"சரி மாப்ள, டீ சொல்லவா?"

"வேண்டாம், வேலை கிடக்கு." இறங்கிப் போனவன் உடனே திரும்பி வந்தான். சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவினான். "மாமா, என் வண்டிச் சாவியைப் பார்த்தீங்களா?"

சாவிக்காரர் சுவரைக் காட்டினார். வெட்டாத சாவிகளுக்கு நடுவே ஓர் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"வண்டியிலயே விட்டுட்டு வந்தே," என்றார். "நான்தான் எடுத்து மாட்டினேன்."