பந்தை வெளியே எறிந்தவருக்கு நான் போட்ட மார்க்

முப்பத்தோராவது இடம்

அந்தத் திங்கட்கிழமை காலை எங்கள் வாடிக்கையாளர் ராய் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஹூஸ்டனில் விளையாட்டு ரேடியோ நிகழ்ச்சி நடத்துகிறவர், கத்துவதுதான் அவர் தொழில். அன்று மட்டும் மெதுவாக, இந்த லிஸ்ட்டைத் தயார் செய்தது யார் என்று கேட்டார். என் மேனேஜர் முரளி போனை மியூட்டில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

எங்களுடையது புள்ளிவிவரங்களை அலசிக் கொடுக்கும் சின்ன அனலிடிக்ஸ் கம்பெனி. ராயின் நிகழ்ச்சிக்காக ஒரு ஆப். ஓய்வுபெற்ற குவார்ட்டர்பேக்குகளில் யார் எவ்வளவு பெரிய ஆள் என்று வரிசைப்படுத்த வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர்தான் குவார்ட்டர்பேக். அந்த ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஒரு பழைய குவார்ட்டர்பேக் உண்டு. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும். என் லிஸ்ட்டில் அவருக்குக் கிடைத்தது முப்பத்தோராவது இடம்.

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "செந்தில், உனக்கு ஃபுட்பால் தெரியும்ல?" என்று முரளி கேட்டபோது, "ஓரளவுக்குத் தெரியும்" என்றேன். வருடா வருடம் இறுதி ஆட்டத்தன்று யார் வீட்டிலாவது போய் சிக்கன் விங்ஸ் சாப்பிடுவேன். அதைத்தான் ஓரளவு என்று சொன்னேன். மீதியை ஒரு வார இறுதியில் யூடியூபில் படித்து முடித்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஃபார்முலாவில் சொந்தச் சரக்காக 'வேஸ்ட் பெனால்டி' என்று ஒன்றையும் சேர்த்தேன். யாருமே இல்லாத இடத்தில் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்தால், ஒவ்வொரு தடவைக்கும் மார்க் குறையும். கிடைத்த வாய்ப்பை வீணடிக்கலாமா என்பது என் நியாயம். அந்த ஹூஸ்டன் ஹீரோ அப்படி நிறைய எறிந்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமைக்குள் லிஸ்ட்டைச் சரிசெய்ய வேண்டும், அல்லது சரிதான் என்று நிரூபிக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் கான்ட்ராக்ட் கிடையாது என்றார் ராய். அந்த ஒரு கான்ட்ராக்ட்டை நம்பித்தான் எங்கள் மூன்று பேர் டீம் இருந்தது. அதில் நான் எச்1பி விசாவில் இருந்தவன். வேலை போனால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பயந்தவன் தப்பைத் தேடுவான் என்றுதான் நினைப்பீர்கள். நான் லிஸ்ட் சரிதான் என்று நிரூபிக்கக் கிளம்பினேன். தினமும் வீட்டு டிவியில் அந்த மனிதரின் பழைய ஆட்டங்களைப் போட்டு, "பாரு, மறுபடியும் வெளிய போட்டுட்டார்" என்று என் மனைவி ஹேமாவுக்குக் காட்டினேன். பக்கத்து ஊரான பேர்லேண்டின் கோவில் கேன்டீனில் தோசை ஆறுவது தெரியாமல் நண்பர்களிடம் வாதாடினேன். அவர்களும் என் அளவுக்கே ஃபுட்பால் தெரிந்தவர்கள், அதனால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை

சனிக்கிழமை காலை ரெக்கார்ட் செய்து வைத்திருந்த டெஸ்ட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓப்பனிங் பேட்ஸ்மேன் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்துகளில் ஒன்றைக்கூடத் தொடாமல் விட்டுக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த ஹேமா, இவர் ஏன் அடிக்கவே மாட்டேன் என்கிறார் என்று கேட்டாள். விடுவேனா? பந்தைத் தொடாமல் விடுவதும் ஆட்டம்தான், தப்பான பந்தைத் துரத்தி அவுட் ஆகாமல் அடுத்த பந்துக்குக் காத்திருப்பவன்தான் பெரிய ஆள், தெரியாதவர்களுக்கு அது ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

அவள் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள்.

"ஒரு வாரமா டிவில காட்டினீங்களே, உங்க ஃபுட்பால்காரர். அவரும் ஆள் கிடைக்கலன்னா பந்தை வெளிய போட்டுட்டு அடுத்த தடவை ஒழுங்கா ஆடறார். அவருக்கு மட்டும் எதுக்கு மார்க் குறைக்கறீங்க?"

அது வேறு, இது வேறு என்று ஆரம்பித்தேன். தடுப்பவர்கள் நாலு பக்கமும் பாய்ந்து வரும்போது, தன் ஆட்கள் யாரும் தனியாக இல்லாதபோது, பந்தை எதிரணிக்குப் பறிகொடுக்காமல், தானும் அடிபட்டு விழாமல் காப்பாற்றத்தான் அவர் வெளியே எறிகிறார் என்று விளக்கினேன். விளக்கி முடித்தபோது நான் அவள் கட்சிக்கு வாதாடியிருந்தது எனக்கே தெரிந்தது. மேட்ச்சை நிறுத்திவிட்டு, லேப்டாப்பைத் திறந்து வேஸ்ட் பெனால்டியை அழித்தேன்.

திங்கட்கிழமை மீட்டிங்கில், புது லிஸ்ட்டில் அவர் எட்டாவது இடத்தில் இருந்தார். மூன்றாவது இடமாவது கொடுத்திருக்க வேண்டும் என்றார் ராய். இரண்டு நாளில் அந்த மனிதருக்குப் பரம ரசிகனாகிவிட்டிருந்த நான், ஆமாம், இரண்டாவதுகூடக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் முரளி என் காலை மிதித்தார். ராய் யோசித்துவிட்டு, மூன்று என்றால் எல்லோரும் ஒத்துக்கொண்டு போய்விடுவார்கள், எட்டு என்றால் வாரம் முழுக்க ரேடியோவுக்கு போன் வரும் என்று சொல்லி கான்ட்ராக்ட்டை உறுதி செய்தார். தப்பைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டதற்கு, எங்கள் சீனியர் கன்சல்டன்ட் என்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மீதித் துணியை நானே மடித்தேன்.

அப்ரைசல்

வருடக் கடைசியில் அப்ரைசல், அதாவது எங்கள் வேலைக்கு முரளி மார்க் போடும் நாள். எங்களுக்கு வரும் ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட்; முடித்த டிக்கெட் எண்ணிக்கையில் நான் ரொம்பவே பின்தங்கியிருந்தேன். பதிலைத் தயாராக வைத்திருந்தேன். சில டிக்கெட்டுகளை வேண்டுமென்றேதான் தொடவில்லை, விடுவதும் ஆட்டம்தான், நம் குவார்ட்டர்பேக்கை நினைத்துப் பாருங்கள் என்றேன்.

முரளி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அவர் வெளிய போடறதுக்கு முன்னாடி யாருக்கு எறியலாம்னு நாலு பேரைப் பார்த்தாருப்பா. நீ டிக்கெட்டை ஓபன் பண்ணியே பார்க்கல."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவருக்கு மார்க் போடுவதற்கு முன்னால், அந்த நேரத்தில் அவர் என்ன செய்யப் பார்த்தார் என்று கேளுங்கள். உங்களுக்கு நீங்களே மார்க் போட்டுக்கொள்ளும்போது இன்னும் கொஞ்சம் கண்டிப்பாகக் கேளுங்கள். அந்த வருடம் மூன்று பேர் டீமில் எனக்கு மூன்றாவது இடம். அப்ரைசல் ஃபார்முலாவை நானே இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன், அதில் ஒரு தப்பும் இல்லை.