விடுப்பில் இருந்த அஞ்சல் பெட்டி

லிஃப்டுகளைப் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் புகார்ப் பிரிவு என்பது ஒரே ஒரு பெண்மணிதான். கதவு திறக்கவில்லை, நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே விளக்கு எரியவில்லை என்று ஊர் முழுவதிலிருந்தும் வரும் மின்னஞ்சல்கள் அவருடைய பெட்டியில்தான் விழும். ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டு, ஆள் அனுப்பி, போன ஆள் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அந்த வாரம் அவருடைய அக்காவுக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை. உடனிருக்க வேறு ஆள் இல்லை. ஆனால் விடுப்புக் கேட்டபோதெல்லாம், "பெட்டிய யாரும்மா பாக்கறது?" என்று மேலாளர் கையை விரித்தார்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் காலை அந்தப் பெட்டியைப் புதிய சர்வருக்கு மாற்றத் தொடங்கினார்கள். மாற்றியவர் கணினிப் பிரிவுக்காரர். எதைக் கேட்டாலும் "ஒண்ணும் ஆகாது" என்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

"பழசுல இருக்கறது ஒண்ணு விடாமப் புதுசுக்கு வந்துரும் மேடம்."

சொன்னபடியே வந்தது. என்றோ மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது அந்தப் பெண்மணி எழுதிவைத்த தானியங்கிப் பதிலும் கூடவே வந்தது. வந்ததோடு நில்லாமல் தானாகவே வேலையைத் தொடங்கிவிட்டது. 'நான் விடுப்பில் இருக்கிறேன். அவசரத்துக்கு மேலாளரை அழைக்கவும்.' கீழே மேலாளருடைய தொலைபேசி எண்.

நண்பகலுக்குள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேலாளர் திணறிக்கொண்டிருந்தார். "மன்னிக்கணும் சார்... ஏழாவது மாடியா? உள்ள எத்தன பேரு?" கடைசியில் வெளியே வந்துவிட்டார்.

"நீங்க லீவுன்னு யாரும்மா சொன்னது?"

"நான் சொல்லல சார். பெட்டி சொல்லுது."

"யோவ் 'ஒண்ணும் ஆகாது', அத நிறுத்துய்யா!"

"பெட்டி பாதி வழியில இருக்கு சார். இப்பக் கைய வெச்சா மெயில் காணாமப் போயிரும். நாளைக்குச் சாயங்காலம் சரியாயிரும்."

"அதுவரைக்கும்?"

"நீங்கதான் சார்."

அந்தப் பெண்மணிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. திரையில் நீலக் கோடு ஆமையாக நகர்ந்துகொண்டிருந்தது. செய்ய ஒன்றுமில்லாமல் கைகள் மடியில் கிடந்தன. அவை இவ்வளவு வலித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார்.

"பெட்டியே இல்லாம நாளைக்கு நான் வந்து என்ன சார் பண்ணப் போறேன்?"

மேலாளரின் கையில் தொலைபேசி மறுபடி அலறியது. அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊருக்கே லீவுன்னு சொல்லியாச்சு. நீங்க வந்து உக்காந்தா கம்பெனி பொய் சொன்ன மாதிரி ஆயிரும். போயிட்டு வாங்க."

மறுநாள் அக்காவைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தபோது, தங்கை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போன செவிலியை அக்கா கையமர்த்தினார்.

"விடுங்க சிஸ்டர். வந்துட்டாள்ல, அது போதும்."