ஹனோய்க்குப் போன பிளவுஸ் பிட்

என் மகள் கல்லூரியிலிருந்து இரண்டு வாரப் படிப்புப் பயணமாக ஹனோய்க்குப் போனாள். ஊருக்கு நடுவில் அத்தனை ஏரிகளை அங்கே எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டுமாம். எங்கள் சிட்லபாக்கம் ஏரியின் நாற்றத்தையும் பார்த்து, பிறகு சுத்தம் செய்ததும் அதே கரையில் ஆட்கள் நடைப்பயிற்சி போவதையும் பார்த்து வளர்ந்தவள். தேர்வானதும் வீட்டில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தாள்.

மாணவர்களை ஆளுக்கொரு வீட்டில் தங்க வைத்தார்கள். இவளுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு அம்மாவின் வீடு. அவர் தனியாக இருப்பவர். அவருக்கும் என் மகளுக்கும் கொஞ்சம் ஆங்கிலம், மீதிக்கு போனில் மொழிபெயர்ப்பு.

இரண்டு வாரம் ஒரு வீட்டில் சாப்பிடப் போகிறவள் வெறுங்கையோடு எப்படிப் போவது? வெற்றிலை கெட்டுப்போகும் என்பதால் மஞ்சள், குங்குமம், ஒரு பிளவுஸ் பிட் மட்டும் பெட்டியில் வைத்தேன்.

"அவங்க புடவையே கட்ட மாட்டாங்கம்மா. பிளவுஸ் பிட்ட வச்சு என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

"வேற யாருக்காவது வச்சுக் குடுப்பாங்க" என்றேன்.

எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள் நான், எனக்குத் தெரியாதா? வைத்துக் கொடுக்கிற பிட்டை யாரும் தைத்துக்கொள்வதில்லை. பீரோவில் இருந்து அடுத்த நவராத்திரிக்கு அடுத்த வீட்டுக்குப் போகும். நான் கொடுத்த ஒரு பச்சைப் பிட், ஓரத்தில் இருந்த நெசவுப் பிசிறோடு எனக்கே திரும்பி வந்திருக்கிறது. ஹனோய்க்கு அப்படி ஒன்றை அனுப்ப மனம் வரவில்லை. எனக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்கு நிறப் பருத்தித் துணியை வைத்தேன். சின்னச் சின்னப் புட்டா போட்டது.

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. மகளின் பள்ளிக் கூட்டங்களுக்கு என் கணவர்தான் போவார். அவளுடைய தோழிகள் வந்தால் காபியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவேன். துணி கொடுக்க வருகிற பெண்களிடம் மட்டும் நன்றாகப் பேசுவேன். "டேப்பு கழுத்துல இருந்தாதான் உனக்கு வாய் வரும்" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

மகள் தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே அது இரவுச் சாப்பாட்டு நேரம். அந்த அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் வந்து நிற்பார். நான் போனைத் திருப்பி மின்விசிறியைக் காட்டிக்கொண்டு குரல் மட்டும் கொடுப்பேன். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் பேசிவிட்டார்களாம்.

ஒரு நாள் மகள் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்கம்மாவுக்கு நீ இங்க தங்கறது பிடிக்கலையான்னு கேக்கறாங்கம்மா."

"நீ என்ன சொன்ன?"

"கூச்சம்னு சொன்னேன். நம்பின மாதிரி தெரியல." பிறகு சொன்னாள். "எனக்கே சில நேரம் தெரியலம்மா. என் ஃப்ரெண்ட்ஸ் வந்தா எழுந்து போயிடற. உனக்கு அவங்களப் பிடிக்கலன்னுதான் நான் இப்பல்லாம் கூட்டிட்டே வர்றதில்ல."

தோழிகள் வருவது குறைந்ததை நானும் கவனித்திருந்தேன். வளர்ந்துவிட்டார்கள், வெளியில் சந்தித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். போனில் அவளுக்கு அப்போதும் மின்விசிறிதான் தெரிந்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி அழைப்பு. அந்த அம்மா பிளவுஸ் பிட்டை எடுத்து வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டிருக்கிறார். இவள், என் அம்மா டெய்லர், இது மேலே போடும் உடுப்புக்கான துணி என்று சொல்லியிருக்கிறாள். ஒரு டெய்லர் கொடுத்த துணியைத் தைக்காமல் வைத்தால் அவமரியாதை என்று அவர் முடிவு செய்துவிட்டார். தையல் மிஷினை வெளியே எடுத்து எண்ணெய் போட்டாயிற்று.

"அவங்களுக்கு சட்டை, பேண்ட்டெல்லாம் தைக்கத் தெரியும்மா. பிளவுஸ் தெரியாது. நீ சொல்லு."

"அளவு பிளவுஸ் இருக்கா?" பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஹனோய்ல யாரும்மா அளவு பிளவுஸ் வச்சிருப்பாங்க?"

அப்படியென்றால் உடம்பில்தான் அளவெடுக்க வேண்டும். கையைத் தூக்கச் சொன்னேன். டேப்பை இழுத்துப் பிடிக்காதே, இரண்டு விரல் நுழைய வேண்டும் என்றேன். தோள், கைக்குழி, முன்கழுத்து, பின்கழுத்து என்று ஒவ்வொன்றாக மகள் அளந்து சொன்னாள். அந்த அம்மா துணியைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, குறி போடுவதற்கு ஒரு டப்பாவிலிருந்து காய்ந்த சோப்புத் துண்டை எடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மிஷின் டிராயரிலும் அதுதான் இருக்கிறது. எடுத்து போனுக்கு நேராகக் காட்டினேன். அவரும் சிரித்தார். இவ்வளவு நேரமும் என் முகம் போனில் தெரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. திருப்ப நேரமில்லை. அவர் கத்தரிக்கோலோடு காத்திருந்தார்.

பக்கத் தையலில் உள்ளே துணி விடச் சொன்னது அவருக்குப் புரியவில்லை. தைக்க வந்திருந்த ஒரு பிளவுஸை உள்பக்கம் திருப்பிக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தவர், கன்னத்தை உப்பி, இரண்டு கைகளையும் அகலமாக விரித்தார். அதேதான் என்று தலையாட்டினேன். கழுத்தை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சரி என்றதும் வெட்டினார்.

மறுநாள் அதை பேண்ட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இடது தோள் கொஞ்சம் தூக்கியிருந்தது. பிரித்துத் தைக்கச் சொல்ல நாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம், மகள் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டாள். நானும் அந்த அம்மாவும் மட்டும். வெட்ட ஒன்றுமில்லை, அளக்க ஒன்றுமில்லை. அவர் தன் சட்டைக் கை ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டார். நான் புடவைத் தலைப்பைச் சரி செய்தேன். பிறகு மடியில் இருந்த பிளவுஸை எடுத்துக் கொக்கி கட்ட ஆரம்பித்தேன். அவர் ஒரு கிண்ணத்தை இழுத்து வைத்துப் பூண்டு உரித்தார். இடையிடையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். நான்கு கொக்கி முடிந்தது.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னும் வைக்கலையா?"

"யார் வைக்கறதுன்னு தெரியல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஏர்போர்ட்லருந்து பசங்க எல்லாரும் நேரா நம்ம வீட்டுக்கு வரலாமான்னு கேக்கறாங்கம்மா. பக்கந்தானேன்னு."

"வரட்டும். டிபன் செஞ்சு வைக்கறேன்."

"செஞ்சு வச்சிட்டு?"

ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினேன்.

"கூடவே உக்காந்திருக்கேன்" என்றேன்.