கடைச்சுவரில் சந்திரவதனா

1994ஆம் ஆண்டு பனிக்காலம். கனடாவில், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் சந்திரவதனாவும் கணவர் அருள்நாயகமும் இருந்தார்கள். சந்திரவதனா விடிய பஸ் பிடித்து பாண் சுடுகிற ஒரு பக்டரிக்கு வேலைக்குப் போவார்.

அவர்களுடைய ஊரிலிருந்து வந்தவர்கள் அங்கே நடத்திய ஊர்ச்சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வோட்டு. அதையும் ஆம்பிளைதான் போடலாம். பெண்களுக்கும் வோட்டு வேண்டுமென்று சந்திரவதனா வீடு வீடாகப் போய்க் கேட்டார். சிலர் ஓம் என்றார்கள். சிலர் கதவே திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மீன் வாங்கப் போன தமிழ்க்கடையில், விளம்பரம் ஒட்டுகிற சுவரில் ஒரு கேலிப்படம். கோரப்பல்லும் மீசையுமாக ஒரு பெண், தலையில் கிரீடம்போல வோட்டுப் பெட்டி. அவள் கால் புருஷனின் கழுத்தில். அவனோ சேலை கட்டிக்கொண்டு அழுகிற பிள்ளைக்குப் பால் பருக்குகிறான்.

சந்திரவதனாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்தப் பெண்ணின் பூட்ஸைப் பார்த்தார். இடது பூட்ஸின் சிப் உடைந்து, கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. அவர் தன் பூட்ஸை அப்படிக் கட்டியது அந்த வாரம்தான். படத்தில் பின்னால் இருந்தது அவர் விடிய நிற்கிற பஸ் ஸ்டொப்.

யாரோ பக்கத்தில் நின்று கால்வரை பார்த்திருக்கிறான். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பிறகு லிஃப்டில் ஆண்கள் நின்றால் ஏறமாட்டார், படியால் இறங்குவார். போன் அடிக்கும். எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"உந்த வோட்டுக் கதையை விடும்," என்றார் அருள்நாயகம். "உமக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்யிறது?"

"எனக்கும் பயம்தான். ஆனால் இப்ப விட்டனெண்டால் படம் கீறினவன் வெண்டுபோவான்."

பொதுக்கூட்டத்தன்று மண்டபத்தில் கதிரைக்குக் கதிரை அந்தப் படத்தின் போட்டோகொப்பி கிடந்தது. சங்கத்துக்காரர் ஒருவர் தேத்தண்ணி நீட்டி, "அக்கா, சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்டார். சந்திரவதனா அந்த விரல்களில் மை இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாருடைய விரல்களையும் பார்த்தார். தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை.

தன் முறை வந்ததும் எழும்பினார். "சங்கத்துக்குச் சமைக்கிறதும் கூட்டிறதும் நாங்கள். எங்களுக்கும் வோட்டுத் தாங்கோ."

பின்னாலிருந்து ஒருவன் நாய்போலக் குரைத்தான். மண்டபமே சிரித்தது. பிறகு தீர்மானத்தை ஆதரிக்கிறவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். அருள்நாயகம் முகம் வெளிறிப்போய்க் கையை உயர்த்தினார். அவரோடு இன்னும் நாலைந்து பேர். தீர்மானம் தோற்றது.

இரண்டு வருடம் கழித்து, சங்கத்தில் ஆட்கள் குறைந்துபோனபோது, பெண்களுக்கும் வோட்டுக் கிடைத்தது. சந்திரவதனா போய்ப் போட்டார். படம் கீறியது யாரென்று அன்றுவரை தெரியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆண்கள் எல்லாரும், "வாங்கோ அக்கா," என்று அன்பாகத்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரை இன்னும் பயப்படுத்தியது. அருள்நாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் வெளியே வந்துவிட்டார்.