எனக்காகக் கதைக்க வந்த மாமி

தலைமைத் தாதியான மேற்றன் சிறு கடிகாரமொன்றைச் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்தார். இன்று மன்னாரில், தனியார் மருத்துவமனையில், தாதி உதவியாளர் வேலைக்கான நேர்முகத்தில் நான் முதலில் கண்டது அதைத்தான்.

"ஏன் பிள்ளை பள்ளிக்கூடத்தை இடையில விட்டனீங்கள்?"

படுக்கையில் கிடந்த அம்மாவைப் பராமரிக்கத்தான் விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். துணைக்கு வந்த மாமி முந்திக்கொண்டார்.

"இவளுக்குப் படிப்பு ஏறேல்லை, மிஸ். பீ மூத்திரம் அள்ளுற வேலைக்குப் படிப்பு என்னத்துக்கு?"

"நானும் அதை அள்ளித்தான் வந்தனான் அம்மா. நீங்கள் ரெண்டுபேரும் போகலாம்" என்றார் மேற்றன்.

வெளியே வந்ததும், "எடுப்புப் பிடிச்சவள், என்ன திமிர்" என்று மேற்றனைத் திட்டினார் மாமி. "நான் கதைக்காட்டி நீ வாயே திறந்திருக்க மாட்டாய்."

யாருக்காவது நேர்முகத்துக்குத் துணை தேவையென்றால் சொல்லுங்கள், மாமியைச் சும்மாவே தருகிறேன்.

ஊருக்குத் திரும்பும் தோட்டவெளி பஸ்ஸில் எனக்கும் இடம் பிடித்து வைத்துக் கூப்பிட்டார். நான் ஏறவில்லை. திரும்பி நடந்துபோய் மேற்றனின் கதவைத் தட்டினேன்.